குராமியின் ஆண்பாலும் பெண்பாலும்

தமிழிலக்கணம் திணையை இரண்டாகவும் பாலை ஐந்தாகவும் வகுத்தது. உயர்திணைக்கு ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்று; அஃறிணைக்கு ஒன்றன்பால், பலவின்பால் என இரண்டு. 'மீன் வந்தது' என்னும் தொடரில் வந்த மீன் ஆணா பெண்ணா என்பதை வினைமுற்று நமக்கு உணர்த்துவதில்லை. ஆயினும், அஃறிணை உயிர்களின் ஆண்மை பெண்மைகளைப் பழந்தமிழர் கருதாது விட்டனர் எனக் கொள்ளுதல் பொருந்தாது. தொல்காப்பியத்து மரபியல், களிறும் பிடியும், சேவலும் பெடையும் என உயிர்களின் ஆண்பெண் பெயர்களை நிரல்படக் கூறுமிடத்து, கடல்வாழ் சுறாவின் ஆணுக்கு 'ஏறு' என்னும் பெயரையும், நந்து எனப்படும் நத்தையினத்தின் பெண்ணுக்கு 'நாகு' என்னும் பெயரையும் உரியனவாக்குகின்றது. நீருள் மறைந்து வாழ்வனவற்றையும் உற்றுநோக்கிப் பெயரிட்ட கண்கள் நம் முன்னோர்க்கு இருந்தன என்பதற்கு இது சான்று.

அக்கண்களில் ஒரு சிறு பங்கேனும் இக்காலத்து மாணாக்கர்க்கு வாய்த்தல் வேண்டும் என்னும் விருப்பமே, என் வகுப்பறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைக்குமாறு என்னைத் தூண்டிற்று. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியன் மீனைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு பழைய மாணவ நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைத்தபின் மேலே படிக்குமாறு அவர்களை அன்புடன் வேண்டுகின்றேன்.

ஊவா மாகாணம் வண்ணமீன் வளர்ப்பதற்கு அத்துணை வசதியான இடமன்று. பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்தில் உள்ளது. பண்டாரவளை 1,200 மீற்றருக்கும், ஹப்புத்தளை 1,400 மீற்றருக்கும் மேலே உள்ளன. வண்ணமீன்களுட் பெரும்பாலானவை வெப்பநாட்டுத் தாழ்நிலங்களைச் சேர்ந்தவை. மார்கழி, தை மாதத்து இரவுகளில் நமுனுகுலை மலையிலிருந்து குளிர் இறங்கும்போது தொட்டி நீரும் குளிர்ந்துவிடும். நீரைச் சூடாக்கும் கருவிக்கும் வளி செலுத்தும் பம்பிக்கும் மின்சாரம் வேண்டும். 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இந்நாட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டதை எவரும் மறந்திரார். அந்நாட்களில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் இரு தொட்டிகளை அருகருகே கண்டேன். பம்பி நின்ற சில மணி நேரத்துள் பொன்மீன்கள் நீர்மட்டத்தில் வாய்பிளந்து தவித்தன. அடுத்த தொட்டியிலிருந்த குராமிகளோ, ஒன்றும் நடவாதது போல உலாவிக்கொண்டிருந்தன. என் வகுப்பறைக்கு ஏற்ற மீன் எது என்பது அன்றே முடிவாயிற்று.

குராமிக்கு இவ்வாற்றல் எவ்வாறு வந்தது எனிற் கூறுவேன். ஏனைய மீன்களைப் போலச் செவுளால் நீரிலுள்ள ஒட்சிசனைப் பெறுவதோடு, நீர்மட்டத்துக்கு வந்து வளியை வாயால் விழுங்கவும் அது வல்லது. செவுளுக்கு மேலே, சிக்கலான வழிகளைப் போல மடிந்து கிடக்கும் ஓர் உறுப்பு அதற்கு உண்டு. விழுங்கிய வளி அவ்வுறுப்பில் தங்க, அங்குள்ள மெல்லிய தோல் வழியே ஒட்சிசன் குருதியிற் கலக்கின்றது. சேறும் வெப்பமும் மிகுந்த வயல்வாய்க்கால்களிலும் சதுப்புகளிலும் இம்மீனினம் பிழைத்திருப்பது இதனாலேயே ஆகும்.

தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் இவ்வினம் புதியதன்று. நம் குளங்களில் வாழும் பனையேறி குராமிக்கு உறவு. தரங்கம்பாடியில் தானியர் ஆட்சி நடந்த காலத்தில், தால்டோர்வ் என்னும் அதிகாரி 1791 ஆம் ஆண்டில் பனையொன்றின் அடிமரத்தில் இம்மீன் ஏறியிருக்கக் கண்டதாக எழுதினார். 1797 இல் இலண்டன் இலின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அக்குறிப்பு இடம்பெற்றது. பின்வந்த அறிஞர் பலர் அதனை ஐயுற்றனர். தரையில் ஊர்ந்து செல்லும் என்பதை ஒப்பினாரே அன்றி, மரமேறும் என்பதை எளிதில் ஒப்பினாரல்லர். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. இலங்கைக்கே உரியனவாகவும் இவ்வினத்தில் மீன்கள் உள. அவற்றுள் மல்புலுத்தா என்பதனை 1937 இல் உலகுக்கு விவரித்தவர் நம் நாட்டு அறிஞர் தெரணியகலை ஆவார். கடைகளில் விற்கப்படும் குராமிகளோ பிறநாட்டிலிருந்து வந்தவை. சாவகத்தில் உணவுக்காக வளர்க்கப்படும் பெருங்குராமியும், தென்கிழக்காசியாவின் மூன்றுபுள்ளிக் குராமியும் முத்துக் குராமியும், கங்கை பிரமபுத்திரை வெளிகளைச் சேர்ந்த குள்ளக் குராமியும் தேன் குராமியும் அவற்றுட் சில.

இனி, ஆண் பெண் அறியும் முறையைக் கூறுவேன். 

மூன்றுபுள்ளிக் குராமியின் நீலநிற வகையே நம் கடைகளில் மிகுதி. உடலின் நடுவில் ஒரு புள்ளியும் வாலின் அடியில் ஒரு புள்ளியுமாக இரண்டே காணப்படும். கண்ணையும் ஒரு புள்ளியாக எண்ணி மூன்று என்றனர். இதில் நோக்க வேண்டுவது முதுகுச் செட்டையை. ஆணுக்கு அது நீண்டு, பின்முனை கூர்மையாகி, வாலின் அடியை எட்டுவது போலச் சாய்ந்திருக்கும். பெண்ணுக்குக் குறுகி முனை வட்டமாக முடியும். பெண்ணின் வயிறு முட்டை நிறையுங்காலத்தில் உருண்டு தோன்றும். ஆண் மெலிந்து நீண்டிருக்கும். முத்துக் குராமியில் ஆணின் தொண்டையும் மார்பும் செம்மஞ்சளாகச் சிவக்கும். செட்டைகளின் ஓரம் நூல்நூலாக நீளும். குள்ளக் குராமியின் ஆண், செந்நிறமும் நீலமும் மாறிமாறிக் கோடிட்ட பட்டாடை உடுத்தது போலும். பெண் வெள்ளி சாம்பல் கலந்த எளிய நிறத்தது. தேன் குராமியின் ஆண் இனப்பெருக்கக் காலத்தில் தேன்நிறங்கொண்டு, தொண்டையும் வயிறும் கருநீலமாக மாறும்; பெண்ணின் பக்கவாட்டில் ஒரு பழுப்புக் கோடு ஓடும்.

இவ்வாறு கூறியவுடன் அனைத்தும் தெளிந்துவிட்டதென எண்ணற்க. இளங்குஞ்சுகளில் இக்குறிகள் தோன்றா. ஆணின் செட்டை மற்றொரு மீனாற் கடியுண்டு குறுகியிருத்தல் கூடும். நன்கு உண்ட ஆணின் வயிறு பெண்ணினது போல உருண்டிருத்தல் கூடும். கடைத்தொட்டியில் அச்சத்தோடு நிற்கும் ஆண் தன் நிறத்தை இழந்து பெண்போல வெளிறியிருக்கும். ஆகவே செட்டை, வயிறு, நிறம் என்னும் மூன்றையும் ஒருங்கே நோக்கி, ஒரே நாளில் அன்றிப் பல நாட்கள் நோக்கி முடிவு செய்தல் வேண்டும். சொல்லொன்று பெயரா வினையா என்பதை அச்சொல்லை மாத்திரம் பார்த்துத் துணியாமல், தொடரில் அது நிற்கும் நிலை கண்டு துணிகின்றோம் அல்லவா? அதனை ஒத்தது இது.

தோற்றத்தினும் நடத்தையே சிறந்த சான்று. குராமியின் வயிற்றுச் செட்டைகள் இரண்டும் நீண்ட நூல்களாக மாறியுள்ளன. அந்நூல்களால் அது செடியையும் கல்லையும் மற்ற மீனையும் தொட்டுத் தொட்டு அறியும். அவற்றாற் சுவையையும் உணரும். புதிய மீனொன்றை விட்டால், பழைய மீன்கள் அதனை நூலால் தடவி விசாரிக்கும் காட்சி காணத்தக்கது. இடையிடையே மேலே வந்து வளி உண்டு திரும்புதல் நலத்தின் அறிகுறி. ஓயாமல் மேலே வருவதும், செவுள் மூடிகள் விரைந்து அடிப்பதும், செட்டைகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு நிற்பதும் நீர் கெட்டதன் அறிகுறிகள். இரண்டு ஆண்கள் சந்தித்தால் செட்டைகளை விரித்து, பக்கத்தோடு பக்கமாக நின்று, யார் பெரியவர் என்று அளந்து பார்க்கும். சிறியது செட்டைகளை மடக்கி விலகிவிடும். விலக இடமில்லாத சிறு தொட்டியிலேதான் அது சண்டையாகின்றது.

மக்கள் இட்ட பெயர்கள் சில வேளைகளில் எத்துணை பிழையாகின்றன என்பதற்கு முத்தக் குராமி நல்ல எடுத்துக்காட்டு. இரு மீன்கள் தடித்த உதடுகளை ஒன்றோடொன்று பொருத்தித் தள்ளுவதைக் கண்டோர், அது காதல் எனக் கருதி அப்பெயரிட்டனர். உண்மையில் அது வலிமைச் சோதனை. பொருதும் இரண்டும் ஆணாகவே இருத்தலும் உண்டு. புறத்தோற்றங்கொண்டு இம்மீனில் ஆண் பெண் பிரித்தறிவதும் மிக அரிது. கல்லில் படிந்த பாசியைச் சுரண்டுவதற்கென அமைந்த உதடுகளைக் கண்டு நாம் ஒரு காதற்கதை கட்டிவிட்டோம்!

நிற்க. என் வகுப்பறைத் தொட்டிக்கு 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று நீலக் குராமிகள் வந்தன. பசறை வீதியை அடுத்த தோட்டங்களின் லயன்களிலிருந்து வரும் பிள்ளைகள் அவற்றைச் சூழ்ந்துகொண்டனர். ஒரு வாரத்துக்குள் மூன்றுக்கும் பெயர் வந்துவிட்டது. தொட்டியெங்கும் பாய்ந்து திரிந்ததற்கு 'வீரன்'. பருத்த வயிற்றோடு அமைதியாக உலாவியதற்கு 'ராணி'. சாடியின் பின்னே அசையாது நின்றதற்குச் 'சோம்பேறி'. பெயர்களை நான் மாற்றவில்லை. பதிலாக, ஒரு கொப்பியைத் தொட்டியருகே வைத்து, கண்டதை மாத்திரம் எழுதுக, கருதியதை எழுதற்க என்று ஒரு விதி செய்தேன். 'கோபமாக இருக்கிறது' என எழுதலாகாது. 'செட்டையை விரித்து இரண்டு முறை துரத்தியது' என எழுதலாம்.

மே மாதத்தில் வீரன் நீர்மட்டத்தில் நுரை கட்டத் தொடங்கிற்று. வாயில் வளியை எடுத்து, உமிழ்நீர் போன்ற பசையோடு கலந்து, குமிழி குமிழியாக வெளிவிட்டு, மிதக்கும் செடியின் இலைகளுக்கிடையே அது கூடு சமைத்தது. கூடு கட்டுவது ஆண். பெண்ணுக்கு அதில் பங்கு இல்லை. கூட்டுக்குக் கீழுள்ள இடத்தை ஆண் தன் எல்லையாக்கிக்கொள்ளும். முட்டையிட ஆயத்தமாகாத பெண் அங்கே வந்தாற் கடுமையாகத் துரத்தும். பரந்த குளத்தில் அப்பெண் நான்கு பாகத் தொலைவு நீந்திப் போய்விடும். கண்ணாடித் தொட்டியில் போக்கிடம் ஏது?

வகுப்பில் பெரும்பாலும் வாய் திறவாத மாணவி ஒருத்தி இருந்தாள். அவள் ஒரு நாட்காலை என்னிடம் வந்து, "சேர், அது சோம்பேறி இல்ல. பயந்து நிக்கிது. வாலப் பாருங்க" என்றாள். பார்த்தேன். வாற்செட்டை இரண்டிடத்தில் கிழிந்திருந்தது. அவளுடைய கொப்பிக் குறிப்பில் முதல்நாள் கிழிசல் ஒன்றென்றும், மறுநாள் இரண்டென்றும், இரை போட்டும் அது வெளிவரவில்லையென்றும், சாடியின் பின்னே நின்றவாறே வளியுண்ண மாத்திரம் மேலே ஏறியதென்றும் நேரத்தோடு எழுதப்பட்டிருந்தன. முதுகுச் செட்டை வட்டமாக இருந்தமையின் அது பெண் என்பது வகுப்பார் அனைவர்க்கும் விளங்கிற்று. இன்னும் இரண்டொரு நாள் அங்கே இருந்திருப்பின் அது இறந்திருக்கும். உடனே அதனை வேறொரு பேசத்துக்கு மாற்றினோம்.

மறுநாட் பிற்பகல் ராணி தானாகவே கூட்டின் கீழ்ச் சென்று, வீரனின் பக்கத்தைத் தன் வாயால் தட்டிற்று. ஆண் தன் உடலை வளைத்து அதனைத் தழுவிக்கொள்ள, முட்டைகள் வெளிப்பட்டு மேலே மிதந்தன. அவற்றில் எண்ணெய்ப் பசை இருத்தலால் அவை மிதக்கும். சிதறியவற்றை ஆண் வாயாற் பொறுக்கிக் கூட்டிற் சேர்த்தது. இவ்வாறு பன்முறை நிகழ்ந்து முடிந்தபின், அதே ஆண் ராணியையும் துரத்தத் தலைப்பட்டது. இம்முறை பிள்ளைகள் எவரும் அதனைப் 'போக்கிரி' என்று கூறவில்லை. "முட்டைய காக்குது சேர்" என்றனர். ராணியையும் பேசத்துக்கு மாற்றினோம்.

தந்தை தனித்துக் காவல் நின்றது. உடைந்த குமிழிகளை ஈடுசெய்தது. கீழே விழுந்த குஞ்சுகளை வாயிற் கவ்விக் கூட்டிற் சேர்த்தது. முட்டைகள் மறுநாள் இரவுக்குள் பொரித்தன. மூன்று நாள் கழித்துக் குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் தந்தையையும் அகற்றினோம்; அதன்பின் அது அவற்றை இரையாகக் கொள்ளுதலும் கூடும். வளியுண்ணும் உறுப்பு குஞ்சுக்குப் பிறவியிலேயே அமைவதன்று. சில வாரங்களில் வளர்வது. அக்காலத்தில் நீர்மட்டத்துக்கு மேலுள்ள வளி குளிர்ந்து போனாற் குஞ்சுகள் மடியும். பிள்ளைகள் தொட்டியைக் கண்ணாடித் தகட்டால் மூடி, மாலைதோறும் பழைய சாக்கினாற் போர்த்தினர். வைக்கோல் ஊறிய நீரிற் பெருகும் நுண்ணுயிர்களும், பின்னர் அவித்த முட்டையின் மஞ்சட்கருவும் இரையாயின. பிறந்தவை சில நூறு, வளர்ந்தவை 27.

உயிர்களின் நடத்தையை இவ்வாறு குறிகளாகப் படிக்கும் கலையை ஓர் அறிவியலாக்கியவர்களுள் ஒருவர் நிக்கோ தின்பேர்கன். முள்முதுகு மீனின் ஆண், தன் எல்லைக்குள் வரும் மற்றோர் ஆணைத் தாக்குவது அதன் சிவந்த வயிற்றைக் கண்டே என்பதை அவர் காட்டினார். மீன் வடிவமே இல்லாத ஒரு பொம்மைக்குக் கீழ்ப்பக்கம் சிவப்புப் பூசினாலும் அது தாக்கிற்று. 1973 ஆம் ஆண்டு நோபல் பரிசு அவர்க்கும் வேறு இருவர்க்கும் வழங்கப்பட்டது. ஒரே குறியைக் கண்டு மீன் மயங்குகின்றது. அது மீனின் இயல்பு. பல குறிகளைத் தொகுத்துக் காத்திருந்து முடிவு செய்யும் ஆற்றல் பெற்ற நாமும் ஒரு குறி கண்டு மயங்கலாமா?

இவ்வினாவை நான் மீனைப் பற்றி மாத்திரம் எழுப்பவில்லை. பாடசாலைகளில் நாம் பிள்ளைகளுக்கு இடும் பெயர்கள் எத்தனை! 'மந்தம்', 'குழப்படி', 'பராமுகம்' என ஆண்டின் முதல் மாதத்திலேயே இட்டுவிடுகின்றோம். அவை பதினொரு மாதமும் அப்பிள்ளையோடு நடக்கின்றன. எங்கள் பாடசாலையில் முதற்பாட வேளையில் மேசைமேல் தலைவைத்து உறங்கும் சிறுவன் ஒருவனுக்கும் அத்தகைய பெயரொன்று இருந்தது. கொப்பிப் பழக்கம் ஏற்பட்டபின், அவன் உறங்கும் நாட்களை மாத்திரம் நான் குறித்துவந்தேன். சனி, ஞாயிறு கழிந்த திங்களன்று அவன் உறங்குவதில்லை. செவ்வாய் முதல் உறங்கினான். அவனுடைய லயத்துக்குச் சென்றேன். தாய் விடியுமுன் எழுந்து சமைத்து, கொழுந்தெடுக்கப் போகின்றாள், தந்தை கொழும்பில். தாய் எழும் வேளையிலேயே எழுந்து, தண்ணீர் சுமந்து, தம்பியைக் குளிப்பாட்டி உணவூட்டிப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, இரண்டு மைல் நடந்து வருபவன் அவன். அத்தாயோடும் காப்பகத்தாரோடும் பேசி, தாய் வேலைக்குப் போகும்போதே இளையவனை ஏற்றுக்கொள்ளுமாறு ஒழுங்கு செய்தோம். அதன்பின் அவன் உறக்கம் குறைந்தது. வகுப்பில் அவன் முதல்வனாகிவிட்டான் எனக் கூற நான் முன்வரவில்லை. அவன் பெயர் மாறிற்று, அவ்வளவே. ஒரு பிள்ளைக்கு அது சிறிய மாற்றமன்று.

குராமி வளர்க்க விரும்பும் நண்பர்க்குச் சில சொல்லி முடிப்பேன். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்னும் விகிதமே ஏற்றது. துரத்தல் ஒன்றின்மேலேயே விழாது. இரண்டு ஆண்களைச் சிறு தொட்டியில் இடற்க. ஒளிந்துகொள்ளச் செடியும் சாடியும் வேண்டும். இவை இருந்தபோதும், கூடு கட்டும் காலத்தில் ஆயத்தமில்லாத பெண்ணைப் பிரித்தே வைத்தல் வேண்டும். மலைநாட்டில் தொட்டியின் மூடி இன்றியமையாதது. பெருகிய மீனை ஓடையிலோ தோட்டத்துக் குளத்திலோ விடுதல் ஆகாது. பிறநாட்டு மீன் நம் நாட்டு மீனின் இரையையும் இடத்தையும் பறித்துவிடும். எங்கள் 27 மீன்களும் கொப்பி எழுதிய பிள்ளைகளின் வீடுகளுக்கும் அயற்பாடசாலைகளுக்கும் சென்றன. கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் ஒரு வெற்றுக் கொப்பியும் கொடுத்தோம்.

நம் கல்லூரியில் நம்மைக் கற்பித்த ஆசிரியர் பலர் மீன் வளர்த்தாரல்லர். ஆயினும் பின்வாங்கில் ஒடுங்கியிருந்தவனையும், ஓயாது சத்தமிட்டவனையும் அவர்கள் உடனே பெயரிட்டு ஒதுக்காமல், பார்த்துக் காத்திருந்தனர். அவ்வாறு காத்திருந்தமையாலேயே இன்று இம்மலரில் எழுதுவோரும் இதனைப் படிப்போரும் ஆயினோம்.